ஆடி அமாவாசையில் ஓடிய தறி

மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே ஒரு நகராண்மைக் கழகத்தின் உரிமப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். சர்க்கஸ், கோழிக்கடை, கரவோக்கே, தெருமுனை மருந்து விற்பனை என்று எதற்கு எந்தப் படிவம், எத்தனை நகல், யார் கையெழுத்து என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பதுதான் என் ஒரே குறை.

அதனால் என் மனைவி சரஸ், "நாலு நாள் காஞ்சிபுரம் வரீங்களா? ஃபைல் தூக்க ஒரு ஆள் வேணும்" என்று கேட்டபோது கௌரவம் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன்.

சரஸ் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மற்றவர்கள் ஓய்வுக்குப் பிறகு ரோஜாச் செடி வைப்பார்கள். இவள் ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். போன வருடம் மூன்று மாதம் காஞ்சிபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, ஐம்பது நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடித்தாள். பெயர், 'இன்னும் ஒருத்தர் ஏறலாம்'. ஐயம்பேட்டைக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு ஷேர் ஆட்டோதான் கதை. நெரிசலான ஊரில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், முன்பு யார் உட்கார்ந்திருக்க முடியாது என்பதை அந்த ஆட்டோவுக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்பது அவள் கட்சி. படத்தில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஆட்டோ ஓட்டும் எஸ்தர், அதில் அடிக்கடி ஏறும் பட்டு நெசவாளர் ஏகாம்பரம்.

கோலாலம்பூரில் ஒரு படவிழாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன், படத்தில் இருப்பவர்களுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று சரஸ் தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தாள். "யாராவது ஒருத்தர் வேணாம்னு சொன்னா எடுத்துடுவேன்." எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி. விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை விடுதி வாசலுக்கே எஸ்தர் வந்தார். நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டைக்குள் மஞ்சள் சுடிதார். சரஸைக் கட்டிக்கொண்டவர், என்னைப் பார்த்து, "சார்தான் ஃபைலா?" என்றார்.

"ஃபைல் என்னிடம் இருக்கிறது" என்றேன்.

"மடியில வெச்சிக்குங்க. அதுக்குத் தனி சீட்டு கிடையாது."

உண்மையில் எனக்கே கிடையாது. ஆட்டோவின் பின்புறம் எத்தனை பேருக்கு அனுமதி என்று பெயின்டில் எழுதியிருந்தார்கள். உள்ளே எண்ணினேன். மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண், கார் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பேர், பூக்கூடையோடு ஓர் அம்மாள், நெற்றி நிறைய விபூதியோடு பட்டு நூல் மூட்டையைத் தூக்கிய பெரியவர், காதில் ஒயர் மாட்டிய இரண்டு கல்லூரி மாணவிகள், சரஸ், நான். எழுத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். இதில் ஒரு நிறுத்தத்தில் எஸ்தர் வண்டியை நிறுத்தி, "தோ, சாருக்குப் பக்கத்துல காத்து வருது பாரு, அங்க குந்து" என்று இன்னொருவரை ஏற்றினார். காற்று வந்த இடம் என் இடது விலா.

எங்கள் ஊர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்தான் அது மரியாதை. யாராவது வந்து உட்கார்ந்தால் கைப்பேசியை எடுத்து முறைப்போம். இங்கே என் முழங்கால் மேல் ஒரு பூக்கூடை உட்கார்ந்தது. அந்த அம்மாள் அனுமதி கேட்கவில்லை, இறங்கும்போது ஒரு முழம் மல்லிகையை மட்டும் சரஸின் கையில் திணித்துவிட்டுப் போனார். இதற்கு எந்தப் படிவம் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் காவல் நிலையத்துக்குப் போய், மறுநாள் படம் காட்டப் போவதைத் தெரிவிக்கும் கடிதத்தை மூன்று நகல்களோடு கொடுத்தேன். அங்கிருந்த உதவி ஆய்வாளர் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். என் பணிக்காலத்தில்கூட இப்படி ஒரு வாசகர் எனக்குக் கிடைத்ததில்லை.

"ஸ்பீக்கர் வெளிய வைக்க மாட்டீங்கதானே?"

"மாட்டோம்."

"அப்ப இது எதுக்கு சார்? வீட்டுல டிவி பாக்கறா மாதிரிதானே?" என்றவர், என் முகம் வாடியதைப் பார்த்து இரங்கி, மூன்று நகலிலும் முத்திரை குத்திக் கொடுத்தார்.

செவ்வாய் காலை காஞ்சிபுரம் இட்லி. இட்லி என்றால் தும்பைப்பூ மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாயில் வைத்தேன். மிளகும் சுக்கும் சீரகமும் சேர்ந்து மூக்கு வழியாக வெளியே வந்தன. மந்தாரை இலை வாசனையோடு, டம்ளர் மாதிரி உயரமாக இருந்தது. இது இட்லி வேலைக்கு விண்ணப்பித்து, மருந்துக் கடையில் நியமனம் பெற்றது. ஆனால் மூன்று சாப்பிட்டேன். எதிரில் இருந்த டபராக் காப்பி எங்கள் ஈப்போ கோப்பிக்கு இணையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சரஸ் முறைத்தாள். இரண்டாவது காப்பி சொன்னேன்.

படம் காட்டக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். ஆடி மாதம், கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் கிடைத்தது. அதே காரணத்தால் முரளியும் கிடைத்தார். அவர் ஊரின் கல்யாண வீடியோக்காரர். போன வருடமும் சரஸுக்கு அவர்தான் ஒளிப்பதிவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் காமிரா தானாகவே யாருடைய கழுத்து நகைக்காவது போய்விடும். மற்றபடி நல்ல மனிதர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே கூடம் நிறைந்தது. நாற்காலிகளுக்கு நடுவே நடைபாதை விட்டிருந்தேன், தீயணைப்பு விதிப்படி. ஐயம்பேட்டைப் பக்கத்திலிருந்து எஸ்தரின் ஆட்கள் வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் வலப்பக்கம். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. என் தீயணைப்புப் பாதை வேறு எதற்கோ பயன்பட்டுவிட்டது.

இருபதாவது நிமிடத்தில் வரப்போகும் ஒரு காட்சியால் சண்டை வரும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். காவல் நிலையக் கடிதமே அதற்காகத்தான். எஸ்தர் ஆட்டோ ஓட்டிக்கொண்டே பேசுகிற காட்சி. திரையில் அது வந்தது.

"இந்தத் தெரு முனை வந்தா எங்க அப்பா சைக்கிள்லருந்து இறங்கிடுவாரு. தெரு முடியற வரைக்கும் தள்ளிக்கினே போவாரு. அப்ப யாரும் இறங்குன்னு சொல்லக்கூட வேணாம், அவரா இறங்கிடுவாரு. அதே தெருவுல நான் ஹாரன் அடிச்சிக்கினு போறேன். நவுரலன்னா திட்டறேன்."

வலப்பக்கத்தில் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். நான் காவல் நிலைய முத்திரை விழுந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இடப்பக்கத்திலிருந்து எஸ்தரின் அம்மா உரக்கச் சொன்னார்: "அதுவும் வாடகை சைக்கிளு!"

இரண்டு பக்கமும் சிரித்தது. நான் மூச்சு விட்டேன். எல்லாம் சுபம் என்று நினைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து, திரையில் சர்வதீர்த்தக் குளம். படி தெரியாத அளவுக்குக் கூட்டம், தர்ப்பணம் கொடுக்கும் கைகள். கீழே எழுத்து: 'ஆடி அமாவாசை, காலை 6.10'. அடுத்து, தறியில் ஏகாம்பரம். நாடா இடமும் வலமும் பாய்கிறது, தடக் தடக் என்று சத்தம். கீழே எழுத்து: 'அதே நேரம், பிள்ளையார்பாளையம்'.

"இன்னாது?" என்றது வலப்பக்கத்தில் ஒரு குரல்.

"அமாவாசைக்கா? தறியா?"

"ஏகாம்பரம், இன்னாபா இது?"

யாரோ கைப்பேசியை உயர்த்தித் திரையைப் படம் பிடித்தார்கள். ஏகாம்பரம் எழுந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு. புரொஜக்டருக்கு முன்னால் அவர் நின்றபோது, திரையில் நெய்துகொண்டிருந்த ஏகாம்பரத்தின் மேல் இந்த ஏகாம்பரத்தின் நிழல் விழுந்தது.

"நிறுத்துங்க" என்றார். "நான் அமாவாசைக்குத் தறியில குந்தற ஆளா? எங்க தெருவுல எவனாவது குந்துவானா?"

சரஸ் நிறுத்தினாள். அவர் கத்தவில்லை. "டீச்சர்மா, என்னை இந்தப் படத்துலருந்து எடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் வலப்பக்கம் முழுக்க எழுந்துபோனது.

அந்த எழுத்தைப் போட்டவன் நான்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தின் தொகுப்பு வேலை ஈப்போவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. குளத்து மேளச் சத்தத்துக்கும் தறிச் சத்தத்துக்கும் தாளம் பொருந்துகிறது என்று சரஸ் இரண்டையும் ஒட்டினாள். தேதியும் நேரமும் இல்லாத ஆவணம் ஆவணமே இல்லை என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். இரண்டு காட்சிகளையும் காமிராவின் கடிகாரத்தில் பார்த்தேன். ஒன்று 6.10, இன்னொன்று 6.12. இரண்டு நிமிடம் பெரிய விஷயமில்லை என்று தாராள மனத்தோடு 'அதே நேரம்' என்று போட்டேன். நேரத்தைப் பார்த்தவன் தேதியைப் பார்க்கவில்லை. தறிக் காட்சி அமாவாசைக்கு இரண்டு வாரம் கழித்து எடுத்தது. தேதி விட்டுப்போன விண்ணப்பங்களை முப்பத்து நான்கு வருடம் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியவன் நான்.

"மூணு மாசம் இங்க இருந்தேன்" என்றாள் சரஸ், சுருட்டிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு. "ஒவ்வொரு அமாவாசைக்கும் குளத்தங்கரையிலேயே நின்னேன். தெருவுல தறிச் சத்தம் இல்லைங்கறதைக் கேக்கவே இல்ல."

படத்தில் வருபவர்களின் சம்மதப் படிவங்கள் இருந்த ஃபைலைத் திறந்தேன். "படிவம் மூன்று, பத்தி நான்கு. 'என் உருவத்தையும் குரலையும் இயக்குநர் தமக்கு ஏற்ற வரிசையில் தொகுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' கையெழுத்து இருக்கிறது. சட்டப்படி..."

"இதைக் கொண்டுபோய் அவர்கிட்டயே வாசிச்சுக் காட்டுங்க லா" என்றாள். முப்பத்தெட்டு வருட இல்லறத்தில் அந்தக் குரலை நான் நாலைந்து முறைதான் கேட்டிருக்கிறேன்.

ஏகாம்பரம் இல்லாவிட்டால் பாதிப் படம் இல்லை. பாதிப் படத்தை எந்த விழாவுக்கும் அனுப்ப முடியாது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இவள் விதியை மாற்ற மாட்டாள். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்.

புதன் காலை, எஸ்தரைத் தொந்தரவு செய்யாமல் தனியாகவே பிள்ளையார்பாளையம் போய் மன்னிப்புக் கேட்பது என்று கிளம்பினேன். நின்றிருந்த ஒரு ஷேர் ஆட்டோவில் இடத்தைச் சொன்னேன். ஓட்டுநர் தலையை ஆட்டினார். இந்த ஊரில் தலையாட்டல் என்பது 'போகும்' என்பதற்கும் 'ஏறு, பிறகு பார்க்கலாம்' என்பதற்கும் பொது என்று அப்போது தெரியாது.

வண்டியில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். மலேசியாவில் பாகான் டத்தோ பக்கத்தில் தெலுங்குக்காரர்களோடு வளர்ந்ததால் எனக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும்.

"மலேசியாவிலிருந்து யாரோ வந்திருக்கிறார்களாம். அமாவாசையன்று தறி ஓடியதாகப் படம் காட்டினார்களாம்."

"ஐயோ! யார் வீட்டில்?"

"ஏகாம்பரம் வீடு. ஆரணியில் அவர் பெண்ணுக்குப் பேசி முடிக்கிற நேரத்தில். கைப்பேசியில் எனக்கே வந்துவிட்டது, பார்."

"படம் எடுத்தவர்களுக்குக் கண் இல்லையா?"

"எழுதினவனுக்கு இல்லை என்கிறார்கள்."

நான் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். வீடுகள் குறைந்துகொண்டே போயின. வண்டி ஓரிக்கையில் நின்றது. பாலாற்றங்கரை. ஆற்றில் மணல் இருந்தது, தண்ணீரைக் காணோம். "பிள்ளையார்பாளையம்?" என்றேன். "அது அந்தாண்ட சார்" என்று வந்த திசையைக் காட்டினார் ஓட்டுநர், எனக்கு உதவி செய்த திருப்தியோடு.

திரும்பும் வண்டி நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். ஓர் அம்மன் கோயில் வாசலில் ஆடிக்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றேன். பெரிய சொம்பு நிறைய கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், இலையில் முருங்கைக்கீரை. எங்கள் ஊரில் பொது இடத்தில் உணவு வழங்க மூன்று அலுவலகங்களின் அனுமதி வேண்டும், அதில் ஒன்று என்னுடையது. இங்கே அனுமதி பற்றி நான் கேட்டதற்கு, ஊற்றிய அம்மாள், "ஆத்தா குடுத்தா. இன்னும் ஒரு சொம்பு ஊத்தட்டா?" என்றார். ஊற்றச் சொன்னேன். மனக்கவலைக்குக் கூழ் நல்லது.

ஏகாம்பரம் வீட்டை அடைந்தபோது மணி பதினொன்று. வீட்டின் நடுக்கூடம் முழுக்கத் தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை. அவர் மனைவி காமாட்சி ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மரியாதைக்கும் கோபத்துக்கும் நடுவே சரியாக அளந்து போடப்பட்ட ஸ்டூல்.

"தவறு என்னுடையது" என்றேன். "டீச்சருடையது இல்லை. நான்தான் நேரம் போட்டேன். தேதியைப் பார்க்கவில்லை."

நாடா நாலு முறை போய் வந்தது. பிறகு நின்றது.

"பேப்பர்ல கையெழுத்து போட்டேன் சார். இல்லேன்னு சொல்லல. அதுல தறின்னு இருந்துச்சு. அமாவாசைன்னு இல்லியே."

பத்தி நான்கை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

"ஆரணிலருந்து போன் மேல போன்" என்றார் காமாட்சி. "அவங்களும் தறிக்காரங்க. அமாவாசைக்கு அந்தாண்ட மூணு தலைமுறையா தறியைத் தொட்டதில்ல. 'உங்க வீட்டுல ஓடுதாமே'ங்கறாங்க. இல்லீங்கன்னா, 'படத்துல பாத்துட்டமே'ங்கறாங்க. இவர் வாயால சொல்றது பொய்யாப் பூட்டுது, நீங்க போட்டது நெஜமாப் பூட்டுது."

"என்னை எடுத்துடுங்க, அவ்ளோதான்" என்றார் ஏகாம்பரம்.

"உங்களை எடுத்துவிட்டாலும் கைப்பேசியில் சுற்றுவது நிற்காதே" என்றேன். "மறைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு நீங்கள் உண்மையில் என்ன செய்வீர்கள் என்பதைக் காட்டினால்தான் இது சரியாகும். நாளைக்கு அமாவாசை."

"அதான் கரெக்டு" என்றார் காமாட்சி. "அமாவாசைக்கு எங்க போறீங்கன்னு காட்டட்டும். எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

ஏகாம்பரம் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. உரிம அலுவலகத்தில் இந்த முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆவணம் இருக்கிறது, ஆனால் காட்ட முடியாது என்கிற முகம்.

"காலையில குளத்துல தர்ப்பணம். அப்புறம் வரதர் கோயிலு" என்றார், தறியைப் பார்த்து.

வாசலில் ஹாரன். எஸ்தர். என்னைத் தேடி ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறார். "சார், ஓரிக்கையில கூழ் குடிச்சீங்களாமே? சொல்லிக்கினு போக மாட்டீங்களா?" என்றபடி உள்ளே வந்தவர், ஏகாம்பரம் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டார்.

"நான் சொல்லட்டா ண்ணா?"

"எஸ்தரு, நீ சும்மா இரும்மா."

"அண்ணி, வரதர் கோயில் வரைக்கும் என் வண்டியிலதான் வருவாரு. கோயிலுக்கு எவனாவது கேரம் போர்டு தூக்கிக்கினு போவானா? ரெண்டு சீட்டு அடைச்சிக்கும் அது. சின்ன காஞ்சிபுரத்துல மாசா மாசம் அமாவாசைக்கு மேட்ச். எட்டுத் தெரு ஆளுங்க வருவாங்க. எந்தம்பியும் ஆடுறான். போன மாசம் அண்ணன்கிட்ட தோத்துட்டு வந்து ரெண்டு நாள் சோறு துன்னல."

ஏகாம்பரம் குழிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது மாதிரி இருந்தது. காமாட்சி இடுப்பில் கை வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா? மாசா மாசம் சட்டையில பவுடர் வாசனை. பெருமாள் கோயில்ல விபூதி குடுக்கறானாக்கும்னு இருபது வருசமா நானும் கேக்காம இருக்கறேன்."

முதலில் சிரித்தவர் ஏகாம்பரம்தான். "சரி, எடுங்க" என்றார். "ஆனா போர்டு வரும். அது இல்லாம நான் வர மாட்டேன்."

திரும்பும் வழியில் எஸ்தர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க அப்பா சைக்கிள் கதைக்கு யாராவது சண்டைக்கு வருவாங்கன்னு பாத்தேன் சார். வரல. சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. வந்திருந்தாகூட எங்க அப்பாவைப் பத்தி ஒரு கேள்வி கேட்டிருப்பாங்க. தறிக்கு வந்தாங்க பாருங்க, அப்படியே எழுந்து." ஹாரனை இரண்டு முறை அடித்தார். "அவங்க கோவத்தைத் தப்பு சொல்லல. ஏகாம்பரண்ணன் நல்ல மனுஷன். ஆனா சொல்லணும்னு தோணிச்சு." அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்தது அந்தத் தெருவில்தான். விடுதிக்கு வந்ததும் சரஸிடம் அப்படியே சொன்னேன். நாளைக்கு அதையும் காமிரா முன்னால் சொல்வாரா என்று கேட்கலாம் என்றாள்.

வியாழன், அமாவாசை. விடிந்ததும் பிள்ளையார்பாளையத்தில் இறங்கியபோதுதான் சரஸ் சொன்னது புரிந்தது. நேற்றுத் தெருவெல்லாம் தடக் தடக் என்று கேட்டது, இன்று காகம் கத்துவது கேட்டது. ஏகாம்பரத்தின் தறி மேல் வெள்ளைத் துணி போர்த்தி, ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள். முரளி அதை எடுத்தார். காமிரா மெல்ல நகர்ந்து காமாட்சியின் கம்மலுக்குப் போனது. "தறி, முரளி, தறி" என்றாள் சரஸ்.

குளத்தில் தர்ப்பணம் முடித்து, வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு ஏகாம்பரம் போர்டோடு வந்தார். ஒலிவாங்கி பிடிக்க ஆள் இல்லை. அரசுப் பணியில் ஒலிவாங்கி முன்னால் பேசிய அனுபவம் இருப்பதாகச் சொன்னேன். பேசாமல் பிடிக்கச் சொன்னாள் சரஸ்.

வண்டிக்குள் ஏறியவர்களை எண்ணினேன். பழக்கம். கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பமே ஐந்து பேர், தொழிற்சாலைக்காரர் ஒருவர், ஏகாம்பரம், போர்டு, முரளி, நான். சரஸ் முன்னால் எஸ்தருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். போர்டை நிறுத்தி வைத்தால் முரளிக்கு முகம் தெரியவில்லை. படுக்க வைக்க மடி போதவில்லை. கடைசியில் ஒரு பக்கம் ஏகாம்பரத்தின் தோளிலும் மறுபக்கம் என் தலையிலும் அமர்ந்தது. ஒரு கையில் ஒலிவாங்கி, மறுகையில் ஃபைல். எஸ்தர் சைக்கிள் விஷயத்தை ஆரம்பித்து, இந்த முறை நேற்று என்னிடம் சொன்ன மிச்சத்தையும் சேர்த்துச் சொன்னார். ஏகாம்பரம் கேட்டுக்கொண்டே வந்தார். "கேட்டிருக்கணும்மா. நான் முதல்ல கேட்டிருக்கணும்" என்றார். போர்டு என் தலையில் இருந்ததால் நான் அசையவில்லை.

அப்போது வண்டி நின்றது. வெளியே ஒருவர்.

"சார்," என்றார் எஸ்தர், "கொஞ்சம் தள்ளிக் குந்துங்க. இன்னும் ஒருத்தர் ஏறலாம்."

சாயங்காலம் அதே கூடத்தில் மறுபடி படம். மத்தியானம் முழுக்கச் சரஸ் அறையில் உட்கார்ந்து ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். மண்டபக்காரர் பாதி நாற்காலிகளை ஒரு கோயில் விழாவுக்கு அனுப்பிவிட்டார். இருந்ததில் இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்ததில், என் தீயணைப்புப் பாதை காணாமல் போனது. புகார் செய்யத் தோன்றவில்லை. காமாட்சி முதல் வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் ஆரணிக் குடும்பம் வீடியோவில் கூடியிருந்தது.

குளம் வந்தது. பிறகு வெள்ளைத் துணி போர்த்திய தறி, சத்தமே இல்லாமல். கீழே: 'மறு வருடம், ஆடி அமாவாசை. இன்று தறி ஓடாது.' எழுத்து ஏகாம்பரம் சொன்னது, எழுத்துப்பிழை பார்த்தது மட்டும் நான்.

"ம். இப்ப கரெக்டு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அடுத்து ஆட்டோ. ஏகாம்பரம் எஸ்தரிடம் சொன்ன பதில் வந்தபோது கூடத்தில் யாரும் இருமவில்லை. எஸ்தரின் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு முரளியின் காமிரா, நகை எதுவும் கிடைக்காத ஏமாற்றத்திலோ என்னவோ, மெல்ல நகர்ந்து வந்து என் மேல் நின்றது. தலையில் கேரம் போர்டு, மார்பில் ஃபைல், கண்கள் மேலே செருகி, வாய் பிளந்து. கூடம் அதிர்ந்தது. காமாட்சியின் கைப்பேசிக்குள்ளிருந்து ஆரணிக் குரல் ஒன்று உரக்க வந்தது: "சம்மந்தி, அந்த போர்டு வெச்சிக்கினு குந்திக்கினு இருக்காரே, அவரை இன்னொரு தபா காட்டச் சொல்லுங்க!"

ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். சம்மந்தி என்ற சொல்லை அவரும் கேட்டிருந்தார்.

விளக்கு போட்டதும் சரஸிடம் போனேன். "அந்தக் காட்சியை எடுத்துவிடு" என்றேன்.

"எடுத்துடலாம்" என்றாள். "யார் வேணாம்னு சொன்னாலும் எடுக்கணும், அதுதானே விதி. ஆனா அதே ஷாட்லதான் ஏகாம்பரமும் போர்டும் இருக்கு. அதை எடுத்தா அமாவாசைக்கு அவர் எங்க இருந்தார்னு சொல்ல ஒண்ணும் இல்ல. வேணாம்னு சொல்லுங்க, இப்பவே வெட்டுறேன்."

என் ஃபைலிலிருந்தே படிவம் மூன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் எழுதியது. பத்தி நான்கை இரண்டு முறை படித்தேன். 'தமக்கு ஏற்ற வரிசையில்.' எவ்வளவு மோசமான வாசகம்!

எஸ்தர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், படிச்சிக்கினே இருக்கீங்க? நாங்கெல்லாம் படிக்காமயே போட்டோம்."

பேனாவை ஏகாம்பரம்தான் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே தேதி. அவரிடம் காட்டி, "சரிதானே?" என்று கேட்டேன்.

விரலை வரியின் மேல் வைத்துப் பார்த்தார். "அமாவாசைன்னும் போடுங்க" என்றார்.

போட்டேன். அப்புறம்தான் நேரத்தை எழுதினேன்.